வார நாளில் வாத்தியார், வார இறுதியில் ஆட்டக்காரர்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழாவிலே ஒரு காட்சியை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கணக்கில் முதல் பரிசு வாங்க ஒரு பிள்ளை மேடை ஏறும். அம்மா அப்பா முகத்திலே பூரிப்பு. ஓட்டத்தில் முதல் பரிசு வாங்க இன்னொரு பிள்ளை ஏறும். அங்கேயும் கைதட்டல் உண்டு. ஆனால் வீட்டுக்குப் போனதும் ஒரு கேள்வி வரும். "ஓடினது சரிடா. ஓட்டம் சோறு போடுமா?"

இந்தக் கேள்வியைக் கேட்கிற பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு அரிசியின் விலை தெரியும். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாள் சம்பளம் கிடையாது என்பதும் தெரியும். ஆகவே அந்தக் கேள்விக்கு மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும். அதற்காக இன்று உங்களுக்கு ஒரு விளையாட்டுக் குழுவின் வரலாற்றைச் சொல்லப் போகிறேன். அது நம் நாட்டுக் குழு அல்ல. அமெரிக்காவிலே, நியூயார்க் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் உள்ள பஃபலோ என்ற நகரத்துக் குழு. பெயர் பஃபலோ பாண்டிட்ஸ். பாண்டிட்ஸ் என்றால் கொள்ளைக்காரர்கள் என்று பொருள். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். அவர்கள் கொள்ளையடித்தது வெற்றிக் கிண்ணங்களைத்தான்.

அவர்கள் ஆடும் ஆட்டத்தின் பெயர் லக்ரோஸ். நம் பள்ளித் திடலில் இந்த ஆட்டம் இல்லை. ஆகவே முதலில் அதை விளக்கிவிடுகிறேன். கையிலே ஒரு கம்பு. கம்பின் நுனியில் ஒரு சிறு வலைப் பை. ஹாக்கியில் பந்தைத் தரையிலே தட்டிக்கொண்டு போகிறோம் அல்லவா? லக்ரோஸில் பந்தை அந்த வலைப் பையில் ஏந்திக்கொண்டு ஓட வேண்டும். கம்பைச் சுழற்றித்தான் வீச வேண்டும். கம்பை நீட்டித்தான் பிடிக்க வேண்டும். எதிராளி மோதுவான், கம்பால் தட்டுவான். பந்து கீழே விழாமல் கொண்டுபோய்க் கோலுக்குள் அடிக்க வேண்டும். அந்தப் பந்து கெட்டி ரப்பரால் ஆனது. ரப்பரின் கனத்தை நம் தோட்டத்து மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நல்ல ஆட்டக்காரர் ஒருவர் ஓங்கி வீசினால் அது மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டும். கோல் காவலரின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

பாண்டிட்ஸ் குழு ஆடுவது உள்ளரங்க லக்ரோஸ். ஐஸ் ஹாக்கி ஆடும் அரங்கிலே பனித்தரையின் மீது செயற்கைப் புல் விரித்து ஆடுவார்கள். ஒரு பக்கம் ஐந்து பேர், அவர்களோடு ஒரு கோல் காவலர். 15 நிமிடங்களாக நான்கு பகுதி. பந்து கைக்கு வந்தால் 30 வினாடிக்குள் கோலை நோக்கி அடித்தாக வேண்டும். ஆற அமர யோசிக்க நேரமில்லை.

இந்த ஆட்டம் யாருடையது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய பாடநூல்கள் 'செவ்விந்தியர்' என்று சொன்னார்களே, அந்த வட அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் ஆட்டம் இது. அவர்களிலே ஹோடினஷோனி என்று ஒரு கூட்டு மக்கள் இருக்கிறார்கள். மோஹாக், ஒனைடா, ஒனொன்டாகா, கயூகா, செனெகா என்ற ஐந்து இனங்களும், தெற்கேயிருந்து வந்து 1722-ஆம் ஆண்டு வாக்கில் சேர்ந்துகொண்ட டஸ்கரோரா இனமும் ஆக ஆறு இனங்கள். ஹோடினஷோனி என்றால் நீண்ட வீட்டு மக்கள் என்று பொருள். சரவாக்கிலே ஈபான் மக்களின் நீண்ட வீட்டைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். நம் பழைய தோட்டத்து லயத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கூரையின் கீழ் பல குடும்பம். அப்படி வாழ்ந்த மக்கள் அவர்கள். லக்ரோஸ் படைத்தவன் தந்த ஆட்டம் என்பதும், ஊரிலே நோய் நொடி வந்தால் அதைத் தீர்க்கும் மருந்து என்பதும் அவர்கள் நம்பிக்கை. ஆண் குழந்தை பிறந்தால் தொட்டிலிலேயே ஒரு சின்னக் கம்பை வைப்பது அவர்களிடையே வழக்கம்.

19-ஆம் நூற்றாண்டில் கனடாவில் குடியேறிய வெள்ளைக்காரர்களும் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள். மொன்ட்ரியல் நகரத்துப் பல் மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ் என்பவர் 1867-இல் இதற்குச் சட்டதிட்டங்கள் எழுதினார். பூர்வகுடி ஆட்டக்காரர்களைக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்கும் அழைத்துப் போனார்கள். 1876-இல் விக்டோரியா மகாராணியார் முன்னிலையில் அவர்கள் ஆடிக் காட்டினார்கள். ஆட்டம் பார்க்கக் கூட்டம் காசு கொடுத்து வந்தது.

இங்கேதான் கதையிலே ஒரு கசப்பு. 1880-இல் கனடாவின் லக்ரோஸ் சங்கம் ஒரு விதி செய்தது. காசு வாங்காமல் ஆடுகிறவர்களே போட்டியில் கலந்துகொள்ளலாம். காசு வாங்குகிறவர்கள் 'தொழில்முறை' ஆட்டக்காரர்கள், அவர்களுக்கு இடமில்லை. கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றுகிறது. ஆனால் யாரை அந்த விதி தடுத்தது? பியர்ஸ் போன்ற வசதியுள்ளவர்கள் கைக்காசைச் செலவழித்து ஊர் ஊராகப் போய் ஆடலாம். பூர்வகுடி ஆட்டக்காரர்களிடம் அந்த வசதி இல்லை. வழிச் செலவுக்கும் வயிற்றுக்கும் அவர்கள் பணம் வாங்கித்தான் ஆக வேண்டும். ஆட்டத்தைத் தந்தவர்களையே, 'நீ காசு வாங்குகிறவன்' என்று சொல்லி ஆட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இதன் வலி சொல்லாமலே புரியும். 'தொழில்முறை' என்ற அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது பிறகு திரும்பி வரும்.

கதவு சாத்தப்பட்டாலும் ஹோடினஷோனி மக்கள் கம்பைக் கீழே வைக்கவில்லை. தங்கள் குடியிருப்புகளிலே தங்களுக்குள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். 1931-இல் மொன்ட்ரியலில் ஐஸ் ஹாக்கி முதலாளிகள் ஒரு யோசனை செய்தார்கள். கோடையில் பனி அரங்குகள் சும்மா கிடக்கின்றனவே, அதற்குள் லக்ரோஸ் ஆடினால் என்ன? அப்படித்தான் உள்ளரங்க லக்ரோஸ் வளர்ந்தது. அந்தத் தொழில்முறைப் போட்டி நீண்ட நாள் நிலைக்கவில்லை. ஆனால் ஆட்டம் கனடாவிலும் பூர்வகுடிக் குடியிருப்புகளிலும் வேரூன்றிவிட்டது. பிறகு 1987-இல் அமெரிக்காவில் நான்கே குழுக்களோடு ஒரு புதிய தொழில்முறை லீக் பிறந்தது. 1998 முதல் அதற்கு நேஷனல் லக்ரோஸ் லீக் என்று பெயர். அந்த லீக்கில் 1992-இல் வந்து சேர்ந்ததுதான் பஃபலோ பாண்டிட்ஸ்.

அந்தச் சமயத்தில் பஃபலோ நகரத்தின் நிலை என்ன தெரியுமா? அது ஒரு காலத்தில் எஃகு நகரம். பக்கத்திலே லாக்கவானாவில் பெத்லஹேம் எஃகு ஆலை இருந்தது. நல்ல நாளிலே 20 ஆயிரம் பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். 1983-இல் எஃகு உருக்கும் வேலை நின்றுபோனது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பிழைப்பு போயிற்று. 1950-இல் ஏறக்குறைய 5 லட்சத்து 80 ஆயிரம் மக்கள் இருந்த நகரத்தில் 1990-இல் 3 லட்சத்து 28 ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். வேலை போனால் ஊரே காலியாகும். தோட்டம் துண்டாடப்பட்டபோதும், தோட்டம் வீட்டுமனையானபோதும் நம் மக்களும் அதைப் பார்த்தவர்கள்தாம்.

விளையாட்டிலாவது ஆறுதல் உண்டா என்றால் அதுவும் இல்லை. அந்நகரத்தின் அமெரிக்கக் காற்பந்துக் குழுவாகிய பில்ஸ், 1991 முதல் 1994 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து இறுதியாட்டத்துக்குப் போய், நான்கு முறையும் தோற்றது. அப்படித் தோற்று நொந்துகொண்டிருந்த ஊரில்தான் பாண்டிட்ஸ் குழு களம் இறங்கியது.

முதல் பயிற்றுநர் லெஸ் பார்ட்லி. மற்ற குழுக்கள் பெரும்பாலும் திடலில் ஆடிப் பழகிய அமெரிக்க ஆட்டக்காரர்களை வைத்திருந்தன. பாண்டிட்ஸ் குழுவோ, நயாகரா ஆற்றுக்கு அக்கரையிலிருந்து, அரங்குக்குள்ளேயே ஆடி வளர்ந்த கனடியர்களைச் சேர்த்துக்கொண்டது. இக்கரையிலிருந்து பூர்வகுடி இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டது. டஸ்கரோரா குடியிருப்பைச் சேர்ந்த டாரிஸ், ரிச், டிராவிஸ் என்ற கில்கோர் சகோதரர்கள் மூவரும் அந்தக் குழுவில் ஆடினார்கள். 1880-இல் 'தொழில்முறை' என்ற சொல்லைச் சொல்லி யாரை வெளியே நிறுத்தினார்களோ, அவர்களுடைய வழித்தோன்றல்கள் 1992-இல் தொழில்முறைக் குழுவிலே, தங்கள் முன்னோர் வாழ்ந்த மண்ணிலேயே, நடு அரங்கில் வந்து நின்றார்கள். ரிச் கில்கோர் பிறகு அணித் தலைவராகவும் ஆனார். சாத்திய கதவு எது என்று பார்த்தீர்களா? திறந்த கதவும் அதுவேதான்.

முதல் ஆண்டே வெற்றி. 1992 இறுதியாட்டத்தில் ஃபிலடெல்ஃபியா விங்ஸ் என்ற பலமான குழுவை, கூடுதல் நேரத்தில், 11-க்கு 10 என்று வென்றார்கள். 1993-இல் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. இறுதியில் அதே விங்ஸ் குழுவை 13-க்கு 12 என்று மீண்டும் வென்றார்கள். ஒரு கோல் வித்தியாசம்! தோல்வியே காணாமல் ஒரு பருவத்தை முடித்த குழு அந்த லீக்கில் வேறு இல்லை. 1992 முதல் 1994 வரை அவர்கள் தொடர்ந்து வென்ற ஆட்டங்கள் 22. பிறகு 1996-இல் மூன்றாவது வெற்றி. பழைய அரங்கிலே 16 ஆயிரம் பேர் கூடி ஆர்ப்பரித்தார்கள்.

இனி நம் கேள்விக்கு வருவோம். "ஆட்டம் சோறு போட்டதா?"

இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள்தாம். ஆனால் கையில் கிடைத்தது சிறு தொகை. அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. இன்றைக்கும் அந்த லீக்கில் ஆடுகிற பலருக்கு வேறு வேலை உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை ஆசிரியர் வேலை, தீயணைப்பு வேலை, கட்டட வேலை என்று எதையாவது செய்வார்கள். வார இறுதி வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டத்துக்குக் கிளம்புவார்கள். ஞாயிறு இரவு உடம்பெல்லாம் காயத்தோடு வீடு திரும்பி, திங்கட்கிழமை காலையில் வேலைக்கு நிற்பார்கள்.

அவர்களிலே ஒருவரைப் பற்றி நம் ஆசிரியர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். அவர் பெயர் ஜான் டவாரெஸ். போர்ச்சுகலிலிருந்து கனடாவுக்குப் பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை. அதே பெயரில் ஐஸ் ஹாக்கியில் புகழ்பெற்ற இளைஞர் ஒருவர் உண்டு. அவர் இவருடைய உடன்பிறந்தாரின் மகன். நான் சொல்வது சித்தப்பாவை. இந்தச் சித்தப்பா, டொரோன்டோவுக்கு அருகில் மிஸிஸாகாவில், உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். அங்கிருந்து பஃபலோவுக்குக் காரில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாத பயணம். நடுவிலே நாட்டின் எல்லை வேறு. 1992-இல், பாண்டிட்ஸ் குழுவின் முதல் பருவத்திலேயே சேர்ந்தார். 2015 வரை ஆடினார். 24 பருவங்கள்! வேறு குழுவுக்குப் போகவே இல்லை. 800-க்கு மேற்பட்ட கோல்கள் அடித்தார். அவர் ஓய்வு பெற்றபோது அந்த லீக்கிலே அவரை விட அதிகக் கோல் அடித்தவர் யாரும் கிடையாது. 11 என்ற அவருடைய எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று குழு முடிவு செய்தது. அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் கையில் வார நாளில் இருந்தது சுண்ணாம்புக் கட்டி!

பிள்ளைகளே, இதைக் கேட்டு, "அப்போ படிப்பு எதுக்கு, நானும் ஆட்டக்காரன் ஆகிறேன்" என்று சொல்லாதீர்கள். அவர் படித்து ஆசிரியர் ஆனதால்தான், வயிற்றுக் கவலை இல்லாமல் 24 பருவங்கள் ஆட முடிந்தது. பெற்றோர்களே, நீங்களும், "பார்த்தியா, ஆட்டம் சோறு போடலே" என்று இத்தோடு முடித்துவிடாதீர்கள். சோறு போடாத ஒன்றுக்காக ஒரு மனிதர் 24 பருவங்கள் ஏன் எல்லை தாண்டிப் போனார்? சோற்றுக்கு அப்பாலும் மனிதனுக்கு ஒரு பசி இருக்கிறது. அதையும் யோசித்துப் பாருங்கள்.

கதை இன்னும் முடியவில்லை. 1996-க்குப் பிறகு பாண்டிட்ஸ் குழுவுக்கு இறங்குமுகம். 2004-இலும் 2006-இலும் இறுதி வரை போய்த் தோற்றார்கள். 2008-இல் மீண்டும் வென்றார்கள். போர்ட்லண்ட் குழுவை வென்றது 14-க்கு 13. மறுபடியும் ஒரே கோல்! அப்போது பயிற்றுநர் யார் தெரியுமா? டஸ்கரோரா டாரிஸ் கில்கோர். ஆடி வென்றவர், இப்போது ஆட வைத்து வென்றார்.

அதன் பிறகு 15 ஆண்டுகள் கிண்ணம் வரவில்லை. 2016-இல் இறுதியில் தோல்வி. 2019-இல் இறுதியில் தோல்வி. 2020-இல் கோவிட் நோய் வந்து ஆட்டம் பாதியில் நின்றது. 2021-இல் போட்டியே நடக்கவில்லை. ஆற்றின் இரு கரையிலிருந்தும் வந்து சேர்ந்த குழுவுக்கு, எல்லை மூடப்பட்டால் என்ன மிஞ்சும்? 2022-இல் எல்லாம் கூடி வந்தது. ஆசிரியர் டவாரெஸ் இப்போது பயிற்றுநர். மூன்று ஆட்டங்கள் கொண்ட இறுதிச் சுற்றில் ஆளுக்கொன்று வென்றாகிவிட்டது. மூன்றாவது ஆட்டம் சொந்த ஊரிலே, 19 ஆயிரம் பேர் அமரும் அரங்கிலே. அங்கே கொலராடோ மாமத் குழுவிடம் 10-க்கு 8 என்று தோற்றார்கள். சொந்த ஊரார் கண்முன்னே தோற்பதைவிடப் பெரிய வேதனை ஆட்டக்காரனுக்கு இல்லை.

மறு ஆண்டு 2023. அதே இறுதிச் சுற்று. அதே கொலராடோ. அதே அரங்கு. மீண்டும் மூன்றாவது ஆட்டம் வரை இழுபட்டது. இம்முறை பாண்டிட்ஸ் வென்றது. 2024-இல் ஆல்பனி குழுவை வென்றது. 2025-இல் சஸ்காச்சுவான் குழுவை வென்றது. மூன்று ஆண்டு தொடர்ச்சியாக! 1992 முதல் 2025 வரை மொத்தம் ஏழு கிண்ணங்கள். ஆறு இனத்தாரின் குடியிருப்பிலிருந்து வந்த டெஹோக்கா நான்டிகோக் போன்ற இளைஞர்கள் இந்தக் காலத்திலும் அந்தச் சட்டையை அணிந்து ஆடினார்கள். 1880-இல் சாத்திய கதவு மறுபடி சாத்தப்படவில்லை.

அன்பார்ந்த பெற்றோர்களே, இந்த வரலாற்றிலிருந்து நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. உங்கள் பிள்ளை திடலில் நன்றாக ஓடினால், பந்தை நன்றாக உதைத்தால், கபடியில் பிடித்த பிடியை விடாவிட்டால், அதைப் படிப்புக்கு எதிரியாக எண்ணாதீர்கள். பாடமும் முடியட்டும், ஆட்டமும் நடக்கட்டும் என்று நேரம் பிரித்துக் கொடுங்கள். சப்பாத்து வாங்க ஐம்பது வெள்ளி சேர்ப்பது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சப்பாத்து அடுத்த மாதம் வரட்டும். "நீ நல்லா ஆடினே அப்பா" என்ற ஒரு வார்த்தை இன்றைக்கே போகட்டும். அதற்குக் காசு வேண்டாம்.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்கியவர்களுக்கு என் பாராட்டு. 1993-இல் தோல்வியே காணாத குழுவும் 1994 இறுதியாட்டத்தில் தோற்றது என்பதை மறவாதீர்கள். இன்று மேடை ஏறாமல் கீழேயே அமர்ந்திருந்த பிள்ளைகளே, உங்களுக்குத்தான் இந்த உரையை அதிகம் சொன்னேன். சொந்த அரங்கிலே தோற்ற குழு, மறு ஆண்டு அதே அரங்கிலே, அதே எதிரியை வென்றது. நடுவிலே அவர்களிடம் இருந்தது ஓர் ஆண்டுப் பயிற்சி. உங்களிடமும் முழுசாக ஓர் ஆண்டு இருக்கிறது. நாளைக் காலை மணி அடித்ததும் அது தொடங்குகிறது.

இந்தப் பள்ளியும், இதைத் தாங்கி நிற்கும் பெற்றோரும், இங்கே வளரும் பிள்ளைகளும் மேன்மேலும் சிறக்க வாழ்த்தி விடைபெறுகிறேன்.